2006 ஆல்டோ, மலை இறங்கும்போது 'டொக்' சத்தம்: 12,000 ரூபாய்க்குள்ள சஸ்பென்ஷனைத் தேத்த முடியுமா?

நாகலூர்க்காரன் | 2025 நவம்பர் 8, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். நம்ம வண்டி 2006 ஆல்டோ. ஓடினது 1,34,000 கிலோமீட்டர். அப்பா வாங்கின வண்டி, இப்ப என் கையில. ஏற்காட்டு மலைமேல இருக்கிற நாகலூர்ல இருந்து சேலத்துக்கு வாரத்துல நாலு நாள் இறங்கி ஏறுறேன். இருபது கொண்டை ஊசி வளைவு, போக வர நாப்பது. என் சஸ்பென்ஷன் எந்தக் கணக்குல தேஞ்சிருக்கும்னு நீங்களே பாத்துக்குங்க.

மூணு கோளாறு. இறக்கத்துல வளைவுக்கு முன்னாடி பிரேக் மிதிச்சா முன்னால இடது பக்கம் ஒரே ஒரு 'டொக்'. காலை எடுத்தா இன்னொரு 'டொக்'. ரெண்டாவது, கோரிமேடு தாண்டி வேகத்தடையில ஏறி இறங்கினா வண்டி தொட்டில் மாதிரி ரெண்டு மூணு ஆட்டம் ஆடித்தான் நிக்குது. மூணாவது, மலை ஏறும்போது அம்மாவுக்கு ஒம்பதாவது வளைவு வர்றதுக்குள்ள வாந்தி. கையில எலுமிச்சம்பழம் இல்லாம வண்டியில ஏற மாட்டேங்கிறாங்க. அஞ்சு வருஷம் முன்னாடி இதே வண்டியில இதே அம்மா தூங்கிக்கிட்டே வருவாங்க.

சேலத்துல ஒரு சர்வீஸ் சென்டர்ல காட்டினேன். பத்து நிமிஷம் பாத்துட்டு "எல்லாம் போச்சு சார்"னு 31,500க்கு எஸ்டிமேட் கொடுத்தாங்க. வண்டி வித்தாலே எவ்வளவு வரும்னு உங்களுக்குத் தெரியும். என் பட்ஜெட் 12,000. எதை முதல்ல மாத்தணும், எதை விட்டுடலாம்?

எஃப்சிமுடிஞ்சது | நவம்பர் 8, இரவு 9.47

தலைவா, மனசத் தேத்திக்கிட்டு வித்துடுங்க. 2006னா அடுத்த வருஷம் ஆர்சி புதுப்பிக்கணும். இந்த ஆகஸ்ட்ல கட்டணத்தை ஏத்திட்டாங்க, 20 வருஷம் தாண்டின காருக்கு அதுவே 10,000. மேல பசுமை வரி வேற. அதுக்கு மேல சஸ்பென்ஷனுக்குச் செலவா?

நாகலூர்க்காரன் | நவம்பர் 8, இரவு 9.55

வித்துட்டு அந்தக் காசுக்கு என்ன வாங்குறது? வேற ஒருத்தர் தேய்ச்ச வண்டியைத்தான் வாங்கணும். இது என்ன தேஞ்சிருக்குனு எனக்காவது தெரியும்.

பட்டறை68 | நவம்பர் 9, காலை 6.10

தம்பி, முப்பது வருஷம் சங்ககிரியில லாரிக்கு அடியில படுத்தவன் பேசுறேன். இப்ப பட்டறை மகன் கையில. 'எல்லாம் போச்சு'ங்கிறது ஒரு நோயோட பேர் கிடையாது. சத்தம் எப்ப வருதுனு நீங்க நல்லாவே எழுதியிருக்கீங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சுது.

பிரேக் மிதிக்கும்போது ஒண்ணு, விடும்போது ஒண்ணுன்னா சக்கரம் முன்னும் பின்னும் நகருதுன்னு அர்த்தம். ஷாக் அப்சார்பர் அப்படிச் சத்தம் போடாது. உங்க ஆல்டோவுல சக்கரத்தைக் கீழே வண்டியோட சேக்கிற லோயர் ஆர்ம் ஒரே ஒரு கை மாதிரி குறுக்க வரும். அது முன்ன பின்ன போகாம இழுத்துப் பிடிக்கிறது ஸ்டெபிலைசர் ராடுதான். வண்டி சாயாம பிடிக்கிற வேலையும் அதுக்கு, சக்கரத்தைப் பிடிக்கிற வேலையும் அதுக்கு. மாருதி 800லயும் இதே கதைதான். அந்த ராடோட முனையில இருக்கிற ரப்பர் நசுங்கினா, பிரேக் மிதிச்சவுடனே சக்கரம் பின்னால தள்ளிப் போய் இடிக்கும். ரப்பர் விலை எவ்வளவுன்னு கடையில கேளுங்க, சிரிப்பீங்க.

வேகத்தடையில ஆடுறது வேற விஷயம். அது ஷாக் செத்தது. ஸ்பிரிங் அமுங்கினா திரும்ப எழும்பத்தான் செய்யும். அந்த எழுச்சியை எண்ணெய்க்குள்ள சின்ன ஓட்டை வழியா தள்ளவிட்டு, சூடாக்கி அடக்குறதுதான் ஷாக்கோட வேலை. அது போனா ஸ்பிரிங் தன் இஷ்டத்துக்கு ஆடும். அம்மாவுக்கு வயித்தைப் புரட்டுறதும் அதனாலதான். வளைவுல சாஞ்ச வண்டி நிமிர்ந்து நிக்காம மெதுவா ஊசலாடுது பாருங்க, அந்த ஆட்டம்.

ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்தா ஒரு டார்ச்சும் லிவரும் எடுத்துக்கிட்டு கீழே பாருங்க. வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்காதீங்க, ஸ்டாண்டு இல்லைன்னா தலையை உள்ளே விடவே வேண்டாம். ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்குக்குள்ள நிக்கிற முன் ஷாக்கை, சுத்தி இருக்கிற தூசி பூட், அந்த ரப்பர் உறை, கிழிஞ்சிருக்கா, எண்ணெய் கசிஞ்சு மண்ணு ஒட்டி ஈரமா இருக்கா? லேசா வேர்த்த மாதிரி இருந்தா பயப்பட வேண்டாம், வழிஞ்ச தாரை இருந்தா போச்சு. ஆர்ம் வண்டியோட சேர்ற இடத்துல இருக்கிற ரப்பர் புஷ்ல லிவர் வச்சு நெம்பினா எவ்வளவு அசையுது? சக்கரத்தைத் தூக்கிட்டு மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, அப்புறம் இடமும் வலமும். மேல கீழ ஆட்டம்னா பால் ஜாயிண்ட் இல்லைன்னா பேரிங், பக்கவாட்டுல ஆட்டம்னா டை ராட் எண்டு, ஸ்டீயரிங்ல இருந்து சக்கரத்துக்கு வர்ற கம்பியோட முனை. கடைசியா வண்டியைத் தரையில இறக்கி நிறுத்தி ஒருத்தரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்க. நீங்க பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் மவுண்ட் மேல கை வச்சுக்குங்க. விட்டு விட்டுத் துள்ளினா மேல இருக்கிற பேரிங் போச்சு.

காப்பிக்கொட்டை | நவம்பர் 9, காலை 8.32

நானும் மலைமேலதான், மஞ்சக்குட்டை. என் பழைய மாருதி ஜென்னுக்கு நாலு ஷாக்கையும் ரீகண்டிஷன் பண்ணினேன், ஒண்ணுக்கு 600 ரூபாய்தான். கல்லு மாதிரி நின்னுச்சு. பட்ஜெட் இல்லாதவங்களுக்கு அதுதான் வழி.

பட்டறை68 | நவம்பர் 9, காலை 8.50

எத்தனை மாசம் நின்னுச்சுன்னும் சொல்லுங்களேன்.

காப்பிக்கொட்டை | நவம்பர் 9, காலை 9.15

அஞ்சு மாசம் ணா 😀

பட்டறை68 | நவம்பர் 9, காலை 9.40

அதான். உள்ளே பிஸ்டனும் வால்வும் தேஞ்சது தேஞ்சபடியே இருக்கும். ஓட்டை போட்டுக் கெட்டியான எண்ணெயை ஊத்தி, அடைச்சுப் பெயிண்ட் அடிச்சுக் கொடுத்துடுவாங்க. கல்லு மாதிரின்னு சொன்னீங்களே, அது பாராட்டு இல்ல. ஷாக் கல்லு மாதிரி இருக்கக் கூடாது. உங்க ஊர்ல மார்கழிக் காலையில அந்த எண்ணெய் இன்னும் கெட்டியாகும், முதல் ரெண்டு கிலோமீட்டர் வண்டி கட்டை வண்டிதான்.

அம்பி1987 | நவம்பர் 9, மதியம் 1.05

இந்தத் தொல்லையே நம்ம அம்பாசடருக்குக் கிடையாது. முன்னால ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுக்குற கம்பி, டார்ஷன் பார். பின்னால பட்டை ஸ்பிரிங். மூக்கு தொங்கினா டார்ஷன் பாரை ஏத்தி வச்சா ஆச்சு. பட்டை முனகினா கழட்டித் தேய்ச்சு கிரீஸ் போட்டா ஆச்சு. ஏற்காட்டுக்கு ஏழு பேரை ஏத்திக்கிட்டுப் போன வண்டி இது.

செவ்வாய்ப்பேட்டை | நவம்பர் 9, மதியம் 1.20

அந்த ஏழு பேர்ல ரெண்டு பேர் இறங்கித் தள்ளினதையும் சொல்லுங்க அண்ணா.

அம்பி1987 | நவம்பர் 9, மதியம் 1.31

அது வேற பிரச்சினை. கார்புரேட்டர்.

நாகலூர்க்காரன் | நவம்பர் 9, மாலை 6.45

பாத்துட்டேன். சட்டை பூரா மண்ணு, வீட்டுல திட்டு.

இடது முன்னால ஸ்ட்ரட்டோட பூட் சுத்தமா கிழிஞ்சு தொங்குது, எண்ணெய் வழிஞ்சு கருப்பா இருக்கு. வலது காஞ்சுதான் இருக்கு. ஸ்டெபிலைசர் ராடு இடது முனையில ரப்பர்னு ஒண்ணு இருந்த அடையாளம் மட்டும்தான் இருக்கு, வாஷர் நேரா இரும்புல உக்காந்திருக்கு. இடது லோயர் ஆர்ம் புஷ்ல வெடிப்பு, நகம் உள்ளே போகுது. பின்னால ஆக்ஸிலுக்குக் குறுக்க ஒரு ராடு போகுதே, அதோட புஷ் முட்டை வடிவத்துல இருக்கு. டை ராட் ரெண்டும் ஆடல.

டயர் நாலும் 2022ல வாங்கினது, பக்கத்துல 2122னு போட்டிருக்கு. முன் டயர்ல கையை வச்சுத் தடவினா ஒரு பக்கம் வழவழன்னு இருக்கு, திருப்பித் தடவினா ரம்பம் மாதிரி கையைப் பிடிக்குது. இது என்னது?

பட்டறை68 | நவம்பர் 9, இரவு 7.30

சக்கரம் நேரா உருளாம லேசா கோணலா இழுபட்டு ஓடினா டயர் அப்படித்தான் ரம்பம் மாதிரி தேயும். 21வது வாரம், 2022. டயருக்கு வயசு இன்னும் இருக்கு, அது போதும்.

அந்தத் தூசி பூட்டைக் கவனிச்சீங்களா? அதுதான் ஆரம்பம். முதல்ல பூட் கிழியும். மழையில மண்ணு தெறிச்சு அந்தப் பளபளப்பான ராடு மேல ஒட்டும். ராடு மேலும் கீழும் போகும்போது அந்த மண்ணு உப்புத்தாள் மாதிரி சீலை அறுக்கும். சீல் போனா எண்ணெய் போகும். நூத்தம்பது ரூபாய்ப் பூட்டுக்குச் சோம்பல் பட்டு ரெண்டு ஸ்ட்ரட் வாங்குறோம்.

கொண்டலாம்பட்டிரவுண்டானா | நவம்பர் 9, இரவு 8.05

ரெண்டு எதுக்கு? வலது காஞ்சிருக்குன்னு சொல்றாரே. ஒண்ணு மட்டும் மாத்தினா 1,600 மிச்சம். இன்னொரு யோசனை, ஸ்பிரிங் நடுவுல சொருகுற ரப்பர் பஃபர் கிடைக்குது. வண்டி ஒரு இன்ச் ஏறும், ஆட்டமும் நிக்கும்.

பட்டறை68 | நவம்பர் 9, இரவு 8.40

ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் 1,34,000 ஓடினதுன்னா வண்டி இடது வளைவுல ஒரு குணம், வலது வளைவுல ஒரு குணம் காட்டும். சமவெளியில தெரியாது. நாப்பது வளைவுல தினமும் தெரியும். முன்னால ஜோடி, பின்னால ஜோடி, இதுல மட்டும் பிசுக்கக் கூடாது.

பஃபர் வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங்ல ரெண்டு சுத்தை அசையவிடாம பூட்டிட்டா மிச்சச் சுத்துங்க அந்த வேலையையும் சேத்துச் செய்யணும். உடைஞ்சு வந்ததைப் பாத்திருக்கேன். ஷாக் செத்த வண்டிக்கு பஃபர் போடுறது, ஜுரத்துக்குப் போர்வை போத்துற மாதிரி.

ஸ்பிரிங் தொய்ஞ்சிருக்கான்னு சந்தேகம் இருந்தா சக்கரத்தோட நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து இடமும் வலமும் ஒப்பிடுங்க. தரையில இருந்து அளக்காதீங்க, டயர் காத்து குறைஞ்சிருந்தாலே கணக்கு தப்பும்.

நாகலூர்க்காரன் | நவம்பர் 10, காலை 7.02

அளந்தேன், அரை சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்ல. ஸ்பிரிங் பழசே இருக்கட்டும். அப்ப 31,500 எஸ்டிமேட்ல நாலு ஸ்பிரிங்கும் ஸ்டீயரிங் ராக்கும் எதுக்கு எழுதினாங்கன்னு இப்ப யோசிக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை | நவம்பர் 10, காலை 10.18

பாகம் வாங்கப் போறீங்கன்னா நாலு விஷயம். நான் கடையில நிக்கிறவன், அதனால சொல்றேன்.

செப்டம்பர் 22ல இருந்து வண்டிப் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், முன்ன 28. பழைய ஸ்டாக் டப்பாவுல பழைய விலைதான் அச்சடிச்சிருக்கும், குறைச்சுக் கேளுங்க. ஸ்ட்ரட்டுக்கு கேப்ரியல் மாதிரி தெரிஞ்ச கம்பெனி போதும், வண்டிக் கம்பெனி டப்பாவே வேணும்னு இல்ல. ஆனா பில்லோட வாங்குங்க. லோயர் ஆர்முக்கு புஷ் மட்டும் தனியா அழுத்திப் போடலாம்தான், ஆனா உங்க வண்டியில பால் ஜாயிண்ட் ஆர்மோடயே வரும். இவ்வளவு ஓடினதுக்கு முழு ஆர்மா வாங்கிட்டா ரெண்டும் புதுசு, பிரஸ் கூலியும் மிச்சம். சென்னையில பழைய பாகம் விக்கிற புதுப்பேட்டையில பழைய ஆர்ம் பாதி விலைக்குக் கிடைக்கும்னு யாராவது சொல்வாங்க. கதவு, கண்ணாடி, டிக்கின்னா பழசு வாங்குங்க. ரப்பரும் பால் ஜாயிண்டும் பழசு வாங்காதீங்க. ரப்பருக்கு ஓடின கணக்கு மட்டும் இல்ல, சும்மா கிடந்தாலும் வயசாகும்.

பாலியூரித்தேன் புஷ்னு கலர் கலரா காட்டுவாங்க. ரப்பரை விடக் கெட்டி, ரேஸ் ஓட்டுறவங்களுக்கு நல்லது. உங்க அம்மாவுக்கு வேண்டாம்.

பட்டறை68 | நவம்பர் 10, இரவு 9.00

தம்பி, வேலைக்கு விடுறதுக்கு முன்னாடி இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்குங்க. நல்ல மெக்கானிக்கே தப்பு பண்ற இடம் இது.

புஷ்ல உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு வளையம், நடுவுல ரப்பர் ரெண்டுலயும் ஒட்டியிருக்கும். ரப்பர் முறுக்கித்தான் அசைவு கொடுக்குது, சுத்தாது. போல்ட்டை இறுக்கின நிமிஷம் உள்குழாய் அந்த நிலையிலயே பூட்டிக்கும். வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போது இறுக்கிட்டா என்ன ஆகும்? தொங்குறதுதான் அதுக்கு இயல்பு நிலை. இறக்கி விட்டதும் ரப்பர் முறுக்கின மாதிரியே நாள் பூரா நிக்கும். ஆறு மாசத்துல கிழியும், டூப்ளிகேட் பாகம்னு கடைக்காரரைத் திட்டுவோம்.

அதனால எல்லா போல்ட்டையும் மாட்டி அரை இறுக்கா விட்டுட்டு, சக்கரத்தைப் போட்டு, வண்டியைப் பட்டறைக் குழி மேல தன் கால்ல நிறுத்தி, முன்னாலயும் பின்னாலயும் நாலு தடவை அமுக்கி விட்டு, அப்புறம் கடைசி இறுக்கு. லோயர் ஆர்ம், பின்னால நீளக் கை ரெண்டு, குறுக்கு ராடு எல்லாத்துக்கும் இதே விதி.

ஸ்ட்ரட் புதுசா வந்ததும் நிமிர்த்திப் பிடிச்சு நாலஞ்சு தடவை முழுசா அமுக்கி இழுக்கச் சொல்லுங்க. டப்பாவுல படுத்தே கிடந்ததால உள்ளே காத்து புகுந்திருக்கும். மேல நட்டு இறுக்கும்போது ராடை பிளையர்ல கடிக்க விடாதீங்க. அந்த மினுமினுப்புல ஒரு கீறல் விழுந்தா சீல் போச்சு. ஸ்பிரிங் அமுக்க ஒழுங்கான கம்ப்ரஸர் இல்லாத பட்டறைன்னா அங்கயே வண்டியைத் திருப்புங்க. கயிறு கட்டி ஸ்பிரிங் கழட்டினவன் ஒருத்தனோட பல்லை நானே பொறுக்கிக் கொடுத்திருக்கேன்.

நாகலூர்க்காரன் | நவம்பர் 16, இரவு 8.15

வேலை முடிஞ்சுது. சனிக்கிழமை காலையில விட்டு ஞாயித்துக்கிழமை மதியம் எடுத்தேன். கணக்கு:

முன் ஸ்ட்ரட் ஜோடி 3,300
ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங் ரெண்டு 1,040
பூட், பம்ப் ஸ்டாப் 360
லோயர் ஆர்ம் ரெண்டு 2,100
ஸ்டெபிலைசர் ரப்பர் செட் 380
பின் ஷாக் ஜோடி 1,700
பின் கை, குறுக்கு ராடு புஷ் ஆறு 900
பின் புஷ் அழுத்த பிரஸ் கூலி 400
வேலைக் கூலி 2,800
அலைன்மென்ட் 400

மொத்தம் 13,380. பட்ஜெட் 1,380 தாண்டிடுச்சு. பின் ஷாக்கை அடுத்த மாசத்துக்குத் தள்ளியிருக்கலாம், ஆனா கழட்டினப்ப ஒண்ணை அமுக்கினா அப்படியே உள்ளே போயிடுச்சு, எதிர்ப்பே இல்ல. மனசு கேக்கல.

குழி மேல நிறுத்தித்தான் இறுக்கணும்னு சொன்னதும் மெக்கானிக் அண்ணனுக்குக் கோபம். "நான் எத்தனை வருஷமா பண்றேன் தெரியுமா"ன்னார். பட்டறை68 அண்ணன் எழுதினதை ஃபோன்ல அப்படியே படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல. டீ குடிச்சுட்டு வந்து குழி மேல ஏத்தினார். அப்புறம் அவரே, "ஆமா, போன மாசம் ஒரு வேகன் ஆர் இதே மாதிரி திரும்ப வந்துச்சு"ன்னார்.

அலைன்மென்ட்ல கேம்பர், காஸ்டர்னு சக்கரத்தோட எல்லாக் கோணமும் சரி பண்ணித் தர்றோம், 1,200 ஆகும்னாங்க. இந்த வண்டியில டோ, அதாவது முன் சக்கரம் உள்ளே வெளியே பாக்குற கோணம், மட்டும்தானே திருப்ப முடியும்னு கேட்டேன். 400 ஆயிடுச்சு.

எஃப்சிமுடிஞ்சது | நவம்பர் 16, இரவு 8.22

அந்த 'டொக்'?

நாகலூர்க்காரன் | நவம்பர் 16, இரவு 8.30

போச்சு. அடிவாரம் வரைக்கும் ஒவ்வொரு வளைவுலயும் வேணும்னே பிரேக் மிதிச்சுப் பாத்தேன். பின்னால வந்த பஸ்காரர் ஹாரன் அடிச்சே ஓய்ஞ்சுட்டார்.

ஆனா புதுசா ஒண்ணு. 50க்கு மேல போனா முன்னால 'ஹூம்ம்'னு ஒரு ரீங்காரம். முன்ன கேக்கல. வீல் பேரிங்கா? மறுபடியும் செலவா?

பட்டறை68 | நவம்பர் 17, காலை 5.55

முன்னயும் இருந்திருக்கும். கடகடன்னு மத்த சத்தத்துல காதுல விழல. ரம்பம் மாதிரி தேஞ்ச டயர்தான் பாடுது. முன் ரெண்டு டயரையும் பின்னால போட்டு, பின்னால இருக்கிறதை முன்னால கொண்டு வாங்க, அதே பக்கத்துலயே. சத்தமும் பின்னால போனா டயர், போகாம முன்னாலயே நின்னா பேரிங். காசு செலவில்லாத சோதனை.

நாகலூர்க்காரன் | நவம்பர் 19, இரவு 9.10

சத்தம் பின்னால போயிடுச்சு. அப்பாடா. பேலன்சிங் மட்டும் பண்ணிக்கிட்டேன்.

இன்னைக்கு அம்மாவை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். வழக்கம்போல எலுமிச்சம்பழத்தோடதான் ஏறினாங்க. பாதி மலையில திரும்பிப் பாத்தா தூங்குறாங்க, பழம் மடியில இருந்து உருண்டு சீட்டுக்கு அடியில போயிருந்துச்சு. வீட்டுக்கு வந்து அதையே தேடி எடுத்து ரசத்துல பிழிஞ்சாச்சு.

காப்பிக்கொட்டை | நவம்பர் 19, இரவு 9.34

ணா, அந்த மெக்கானிக் அண்ணன் எந்தப் பக்கம்? தனியா அனுப்புங்க. என் ஜென் குப்பனூர் வழியா இறங்கும்போது பின்னால இருந்து கிறீச் கிறீச்னு...

செவ்வாய்ப்பேட்டை | நவம்பர் 19, இரவு 9.41

அதுக்குத் தனி இழை போடுப்பா. பூட்டை முதல்ல பாத்துட்டு வந்து எழுது.